‘கோர்ட்’ என்றால் நீதிமன்றம் மட்டுமா? ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் வரலாறு



‘கோர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் என்ன என்று நம் மாணவர்களைக் கேட்டால், ‘நீதிமன்றம்’ என்று தயங்காமல் விடை கூறுவர். விடை சரியானதே. ஆயினும் அது முழுமையான விடையன்று. இச்சொல்லின் பல பொருள்களையும் அவை கிளைத்த வரலாற்றையும் அறிந்துகொண்டால், நம் பினாங்கின் வரலாற்றையே சற்றுத் தெளிவாகப் படிக்க இயலும் என்பது என் எண்ணம். அதன் பொருட்டே இப்பதிவு.

நம் ஊரில் எத்தனை ‘கோர்ட்’?

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் மாலை வேளையில் பூப்பந்து ஆடும் பிள்ளைகள் தாங்கள் ஆடும் இடத்தைக் ‘கோர்ட்’ என்றே சொல்கின்றனர். 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் கொண்ட அந்த ஆடுகளத்தில் நீதிபதியும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. அங்கிருந்து நகரின் நடுப்பகுதிக்குச் சென்றால் லீத் தெருவில் சியோங் பாட் ட்சே அவர்களின் நீல மாளிகை நிற்கிறது. அதனுள்ளே ஐந்து முற்றங்கள் உள்ளன. ஆங்கிலத்தில் அவையும் ‘கோர்ட்யார்ட்’. இன்னும் சற்றுத் தொலைவில், லைட் தெருவில் பினாங்கு உயர்நீதிமன்றம். அதனைக் கடந்து கடற்கரைப் பக்கம் போனால் பாடாங் கோத்தாவில் உணவுக் கடைகள் கூடியிருக்கும் இடம். அதற்கும் ‘ஃபூட் கோர்ட்’ என்றுதான் பெயர். போதாக்குறைக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவும் தம் பெயரின் இறுதியில் இச்சொல்லைச் சூடிக்கொண்டுள்ளன.

விளையாட, வசிக்க, வழக்காட, உண்ண என நான்கு வேலைகளுக்கு ஒரே சொல். இஃது எவ்வாறு நேர்ந்தது?

வேலியிட்ட இடம்

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. ‘கொஹோர்ஸ்’ என்றால் அடைக்கப்பட்ட இடம், வீட்டையொட்டிய வளைவு என்று பொருள். தோட்டத்தைக் குறிக்கும் ‘ஹோர்ட்டுஸ்’ என்னும் சொல்லும் இதற்கு உறவே. பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக இச்சொல் ஆங்கிலத்திற்குள் நுழைந்தது. ஆக, ‘கோர்ட்’ என்பதன் அடிப்படைப் பொருள் நாற்புறமும் சூழப்பட்ட வெளி, அவ்வளவுதான். ‘யார்ட்’ என்பதற்கும் ஏறக்குறைய அதே பொருள். இரண்டையும் சேர்த்துக் ‘கோர்ட்யார்ட்’ என்பது நம்மவர் ‘நடுசென்டர்’ என்று சொல்வதைப் போன்றதே!

பந்தாட்டத்திற்கும் இப்பெயர் வந்த காரணம் இதனால் விளங்கும். டென்னிஸ் ஆட்டத்தின் முன்னோடியான பழைய ஆட்டம் ஐரோப்பாவில் சுவர்கள் சூழ்ந்த இடத்தில் ஆடப்பட்டது. சுவர் மறைந்து வெறும் கோடுகள் எஞ்சிய பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது.

அரசனின் மாளிகைக்குள்ளும் இத்தகைய முற்றம் உண்டு. அமைச்சரும் படைத்தலைவரும் அங்கே கூடினர். நாளடைவில் முற்றத்தின் பெயர் அங்குக் கூடியவர்களுக்கு ஆகி வந்தது. இடத்தின் பெயர் அவ்விடத்திலுள்ளோரைக் குறிப்பது நம் இலக்கணத்திற்குப் புதிதன்று; ‘ஊர் சிரித்தது’ என்னும் இடவாகுபெயரை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம் அல்லவா? அவ்வாறே ‘கோர்ட்’ அரசவை ஆயிற்று. அரசவையில் ஒழுகவேண்டிய பண்பு ‘கர்ட்டஸி’ எனப்பட்டது. நம் மொழியில் ‘அவையடக்கம்’ பிறந்த முறையும் இதுவே. திருக்குறளில் ‘அவையறிதல்’, ‘அவையஞ்சாமை’ என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உள்ளமை இங்கு நினைக்கத்தக்கது.

அரசவை நீதிமன்றம் ஆன கதை

அக்காலத்தில் ஆள்பவனே தீர்ப்பும் வழங்கினான். எனவே முறையிட விரும்பியவன் அரசவைக்கே செல்ல வேண்டும். இங்கிலாந்து மன்னரோ ஓரிடத்தில் தங்காமல் நாடெங்கும் சுற்றிவந்தார். வழக்குடையவர் அவரைத் தேடி அலைந்தனர். 1215-ஆம் ஆண்டில் ஏற்பட்ட மாக்னா கார்ட்டா என்னும் பேருரிமைச் சாசனத்தில், குடிமக்களுக்கிடையிலான பொது வழக்குகள் அரசவையைப் பின்தொடராமல் ஒரு நிலையான இடத்தில் விசாரிக்கப்படவேண்டும் என்று ஒரு விதி இடம்பெற்றது. அரசவையிலிருந்து நீதிமன்றம் பிரிந்து நடந்த வழியில் இது முக்கியமான ஓர் அடி. ஆனால் பிரிந்துபோன பிள்ளைக்கும் தாயின் பெயரே நிலைத்தது. இன்றும் ஆங்கிலத்தில் அரசவையும் ‘கோர்ட்’, நீதிமன்றமும் ‘கோர்ட்’.

தமிழர்க்கும் இந்நிலை தெரியாததன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி வழக்குரைத்தது பாண்டியனின் அரசவையில். கோவலனைக் கொல்ல ஆணையிட்டவனும் அவனே. அவ்வாணையின்மேல் எழுந்த முறையீட்டைக் கேட்கவேண்டியவனும் அவனே. குற்றம் சாட்டப்பட்டவனே நீதிபதியாக அமர்ந்த அவை அது. தன் பிழை விளங்கியதும் அம்மன்னன் உயிர்நீத்தான் என்கிறது காப்பியம். எல்லா மன்னரும் அத்தகையோர் அல்லர். ஆதலால்தான் ஆள்பவர் அவையும் நீதி வழங்கும் அவையும் வெவ்வேறாக இருக்கவேண்டும் என்று உலகம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது.

பினாங்கில் இரண்டு ‘கோர்ட்’

இனி நம் தீவிற்கு வருவோம். 1786-இல் பிரான்சிஸ் லைட் இங்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். குடியேற்றம் பெருகியது. ஆனால் முறையான நீதிமன்றம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏற்படவில்லை. ஒவ்வோர் இனத்தாருக்கும் ஒரு கப்பித்தான் நியமிக்கப்பட்டு, சிறு வழக்குகளை அவரே தீர்த்துவைத்தார். தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராகிய காதிர் மொஹிதீன் 1801-இல் கப்பித்தான் கெலிங் ஆனார். அவர் பெயரால் விளங்கும் பள்ளிவாசலை நாம் அனைவரும் அறிவோம். அதே காலத்தில் நீதிபதியாகப் பொறுப்பேற்ற ஜான் டிக்கன்ஸ் என்னும் வழக்கறிஞர், இங்கு நடைமுறையில் இருப்பது இயற்கையின் சட்டம் ஒன்றே என்று மேலிடத்திற்கு எழுதி வருந்தினார்.

1805-இல் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவது மாகாணமாகப் பினாங்கு உயர்த்தப்பட்டது. 1807 மார்ச் 25-ஆம் நாள் பிரிட்டிஷ் மன்னரின் நீதிச் சாசனம் பிறந்தது. அதன்படி அமைந்ததுதான் ‘கோர்ட் ஆஃப் ஜூடிகேச்சர்’. அதன் முதல் ‘ரெக்கார்டர்’, அதாவது தலைமைச் சட்ட நீதிபதி, சர் எட்மண்ட் ஸ்டான்லி. 1808-இல் பணியைத் தொடங்கினார். மலேசிய நாட்டின் இன்றைய நீதித்துறை தன் பிறப்பை இங்கிருந்தே எண்ணுகிறது.

அக்கால ஆவணங்களைப் புரட்டும் மாணவர், இன்னொரு ‘கோர்ட்’டையும் அடிக்கடி சந்திப்பார். அது ‘கோர்ட் ஆஃப் டைரக்டர்ஸ்’. இலண்டனில் லெடன்ஹால் தெருவில் இருந்த கம்பெனி மாளிகையில் கூடிய 24 இயக்குநர்களின் அவை அது. கம்பெனியின் முதலீட்டாளர் கூடிய அவைக்கோ ‘கோர்ட் ஆஃப் புரொப்ரைட்டர்ஸ்’ என்று பெயர். இவற்றுள் ஒன்றும் நீதிமன்றம் அன்று. ஒன்று நிருவாகம் செய்தது. மற்றொன்று இலாபப் பங்கைப் பெற்றது. பினாங்கில் எவ்வளவு செலவிடலாம், எவரை ஆளுநராக்கலாம் என்பவை இயக்குநர் அவையில் முடிவாயின. ‘கோர்ட் ஆணையிட்டது’ என்னும் தொடரைக் கண்டவுடன் ‘நீதிமன்றம் ஆணையிட்டது’ என்று மொழிபெயர்த்தால், ஒரு வாணிகக் குழுவின் முடிவு நீதியின் தீர்ப்பாக மாறிவிடும். ஒரு சொல்லில் நேரும் இத்தவறு வரலாற்றையே தலைகீழாக்கிவிடும் அன்றோ?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 1807-ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி அமைந்த நீதிமன்றத்தில் ரெக்கார்டர் மட்டும் அமரவில்லை. ஆளுநரும் அவருடைய ஆலோசகர் மூவரும் அவருடன் நீதிபதிகளாக அமர்ந்தனர். ஆள்பவரே நீதியும் வழங்கிய பழைய முற்றத்தின் நிழல் அங்கும் விழுந்திருந்தது. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் மன்னரின் நேரடி ஆட்சிக்குள் வந்தன. அடுத்த ஆண்டில் பழைய நீதிமன்றம் கலைக்கப்பட்டு உச்சநீதிமன்றம் அமைந்தது. அம்மாற்றங்களோடு ஆளுநர் நீதிபதியாக அமரும் முறையும் மறைந்தது. இங்கிலாந்தில் 1215-க்கு முன்பே தொடங்கிய பிரிவினை, நம் தீவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் நிறைவேறியது.

உயர்நீதிமன்றத்தின் அருகே நிற்கும் நினைவுச்சின்னம் 1869-இல் மறைந்த ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்னும் வழக்கறிஞருக்கு உரியது. ஐரோப்பியர் அல்லாத மக்களின் உரிமைக்காகவும் குரல் கொடுத்தவர் அவர். அச்சின்னத்தில் நீதியைக் குறிக்கும் உருவமும் உண்டு. அவ்வழியே செல்லும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

தமிழில் மன்றமும் கச்சேரியும்

‘கோர்ட்’ வேலிக்குள் பிறந்த சொல். நம் ‘மன்றம்’ வெட்டவெளியில் பிறந்தது. சங்ககாலத்தில் ஊர் நடுவே மரத்தடியில் மக்கள் கூடிய பொதுவிடமே மன்றம். வழக்குத் தீர்க்கும் அவைக்கு ‘அறங்கூறவையம்’ என்னும் பெயர் மதுரைக்காஞ்சியில் காணப்படுகிறது. சோழர் கல்வெட்டுகள் ‘தர்மாசனம்’ என்னும் நீதியவையைக் குறிப்பிடுகின்றன. பிற்காலத்தில் ‘நியாயஸ்தலம்’ வழங்கியது. மூத்தோர் ‘கோர்ட்டு கச்சேரி’ என்று இணைத்துச் சொல்வர்.

இன்று கச்சேரி என்றவுடன் பாட்டும் மிருதங்கமும் நினைவிற்கு வரும். வடபுலத்திலிருந்து வந்த இச்சொல்லுக்கு அலுவலகம், நீதியவை என்னும் பொருள்கள் உண்டு. சென்னை மயிலாப்பூரில் கச்சேரி சாலை இருக்கிறது. இலங்கைத் தமிழர் மாவட்டச் செயலகத்தைக் கச்சேரி என்கின்றனர். ஆகவே, பல பொருள் தருவது ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் உரிய குணம் அன்று.

மன்றமும் இன்று பல இடங்களில் பயில்கிறது. ஆனால் தமிழ் அதற்கு முன்னால் ஓர் அடையாளத்தைச் சேர்த்துவிடுகிறது. நாடாளுமன்றம், சட்டமன்றம், நீதிமன்றம், இலக்கிய மன்றம் என்று கூறும்போதே எது எவ்வேலையைச் செய்கிறது என்பது விளங்கிவிடுகிறது. ஆள்வோர் மன்றமும் நீதி மன்றமும் ஒன்றல்ல என்னும் பெரிய அரசியல் பாடம் நம் சொல்லாக்கத்திலேயே அமைந்திருக்கிறது.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

நம் பிள்ளைகள் மும்மொழி பயில்பவர்கள். அது இங்குப் பேருதவி. ஒரு வாக்கியத்தில் ‘கோர்ட்’ வந்தால், “இதை மலாயில் எப்படிச் சொல்வாய்?” என்று கேளுங்கள். மலாய்மொழி பொருளைப் பிரித்துக் காட்டிவிடும்.

1. ‘மஹ்காமா’ என்றால் நீதிமன்றம்.
2. ‘கெலாங்காங்’ என்றால் ஆடுகளம்.
3. ‘இஸ்தானா’ என்றால் அரண்மனை. தமிழில் இடம் நோக்கி அரசவை என்றும் எழுதலாம்.
4. ‘ஹலாமான்’ என்றால் முற்றம்.
5. ‘மேடான் செலேரா’ என்றால் உணவு வளாகம்.

கம்பெனி ஆவணங்களில் வருவதை ‘இயக்குநர் அவை’ என்று எழுதப் பழக்குங்கள். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டு இதழ்கள் எழுதும் ‘உச்சநீதிமன்றம்’ இந்தியாவிற்கு உரியது. மலேசியாவின் மிக உயர்ந்த நீதிமன்றத்திற்கு 1985 முதல் ‘சுப்ரீம் கோர்ட்’ என்னும் பெயர் இருந்தது. 1994-இல் அது மீண்டும் கூட்டரசு நீதிமன்றம் ஆயிற்று. அதே ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தோன்றியது. இணையத்தில் கிடைக்கும் கட்டுரைகளைப் பார்த்து எழுதும் மாணவர்கள் இதில் தடுமாறுகின்றனர்.

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பது நம் முன்னோர் வாய்ப் பழமொழி. அம்பலம் என்பதும் அவையே. அவைக்குள் யார் நுழையலாம், யார் பேசலாம், யார் சொல் கேட்கப்படும் என்னும் கவலை அப்பழமொழியில் உறைந்திருக்கிறது. வேலிக்குள் பிறந்த ‘கோர்ட்’ எல்லார்க்கும் வாயில் திறக்க நூற்றாண்டுகள் ஆயின. சொற்களை அறியாதவருக்கு அவ்வாயில் இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. நீதிமன்றத்திலிருந்து வரும் ஒரு கடிதத்தைக் கண்டு அஞ்சாமல், அதனை அனுப்பியது எந்த மன்றம், அதற்கு என்ன அதிகாரம், நாம் சொல்லவேண்டியதை எங்கே சொல்வது என்று படித்தறியும் குடிமகனாக நம் மாணவன் வளரவேண்டும். சொற்பொருள் கற்பிப்பது தேர்வுக்காக மட்டும் அன்று என்று நான் கருதுவது இதனால்தான்.

இப்பதிவினைப் படித்த ஆசிரியர்கள் தத்தம் வகுப்பில் இதனை முயன்று பார்க்கவேண்டுகிறேன். பெற்றோர்கள் இல்லத்தில் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். மீண்டும் வேறொரு சொல்லின் வரலாற்றோடு சந்திப்போம்.