சரிபார்ப்பானும் தணிக்கையும்

மதுரை மாநகராட்சியின் தலைமையகமான அண்ணா மாளிகை தல்லாகுளத்தில் இருக்கிறது. அங்கே வரிசையில் நின்று கட்டிய சொத்து வரியை இன்று கைபேசியிலேயே கட்டலாம். கவுன்ட்டரில் புரியாததை மறுபடி கேட்டுக்கொள்ளலாம். இணையப் பக்கத்தில் அதற்கு இடமில்லை. எனவே பக்கமே சரியாக இருந்தாக வேண்டும். அரசுத் தளங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரும் இலவச நிரல் சரிபார்ப்பான். மற்றது, ஜிஐஜிடபிள்யூ எனப்படும் இந்திய அரசுத் தள நெறிமுறைகளின்படி மத்திய அரசின் தரச்சான்று அமைப்பான எஸ்டிக்யூசி நடத்தும் தணிக்கை.

சரிபார்ப்பானுக்கு முகவரியைக் கொடுத்தால் போதும். மூடாத டேக், இருமுறை வந்த ஐடி, விளக்கச் சொல் இல்லாத படம் எல்லாவற்றையும் சில நொடிகளில் வரி எண்ணோடு காட்டும். ஆனால் படத்துக்கு விளக்கமாக ‘படம்’ என்று மட்டும் எழுதியிருந்தாலும் விட்டுவிடும். தமிழுக்கு இது பழைய அனுபவம்தான். 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறியீடுகளில் எழுதிய பக்கங்கள் இயந்திரத்துக்கு வெறும் லத்தீன் எழுத்துகள். நிரல் இலக்கணப்படி பிழையே இல்லை. எழுத்துரு இல்லாதவருக்கோ ஒன்றும் புரியாது. 2010இல் அரசு யூனிகோடைத் தரமாக்கிய பிறகே அந்தக் கூத்து மெல்ல அடங்கியது.

தணிக்கையில் ஆள் உட்கார்ந்து பார்க்கிறார். 2009இல் வந்த நெறிமுறையின் மூன்றாம் பதிப்பு 2023இல் வெளியானது. அணுகல்தன்மைக்கு, டபிள்யூ3சியின் அணுகல் நெறிமுறையான டபிள்யூசிஏஜி 2.1இன் இரட்டை ஏ நிலையைக் கேட்கிறது. மவுஸ் இல்லாமல் படிவத்தை முடிக்க முடிகிறதா, பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். குறிக்காவிட்டால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயன்று தடுமாறும். சரிபார்ப்பானுக்கு அது வெறும் எச்சரிக்கை. ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக ஏற்றிய சுற்றறிக்கையோ அதன் கண்ணிலேயே படாது.

அப்படியானால் தணிக்கையே போதுமா? டபிள்யூசிஏஜி 2.2கூட, நிரல் இலக்கணம் பற்றிய 4.1.1ஆம் விதியை 2023 அக்டோபரில் நீக்கிவிட்டது. பிழையான நிரலை எப்படிப் படிப்பது என்று எச்டிஎம்எல்5 வகுத்துவிட்டதால் எல்லா உலாவிகளும் ஒரே மாதிரி சமாளிக்கின்றன என்பது காரணம். இதை வைத்துச் சரிபார்ப்பானுக்கு ஓய்வு கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வரிவிதிப்பு எண் கேட்கும் பெட்டிக்கும் வேறொரு பெட்டிக்கும் ஒரே ஐடி இருந்தால், பெயர்ப்பட்டி முதல் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது பெயரில்லாமல் நிற்கும். உலாவி இதைச் சமாளிக்காது. தணிக்கைச் சான்றும் சோதித்த நாளின் நிலையைத்தான் சொல்லும். தளமோ வாரந்தோறும் மாறுகிறது.

2017ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகள் ஜிஐஜிடபிள்யூ நெறிமுறையைச் சுட்டின. அப்படிச் சுட்டிய 15(1)ஆம் விதி வெறும் பரிந்துரையாக நிற்கிறது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அதைச் செல்லாதென்றது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. உள்ளாட்சி அலுவலகங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தளம் கட்டித்தரும் நிறுவனத்துக்குப் பில் பாஸாகும் முன் தணிக்கை அறிக்கையைக் கேட்கலாம். அதற்குப் பிந்தைய ஒவ்வொரு மாற்றத்துக்கும் சரிபார்ப்பான் முடிவைக் கேட்கலாம்.