யூனாக்: செக் சாரணர் இயக்கம்

யூனாக், செக் குடியரசின் தேசியச் சாரணர் அமைப்பு. 1914இல் தொடங்கப்பட்ட இது 1940, 1950, 1970 என மூன்று முறை ஒழிக்கப்பட்டு, 1945, 1968, 1989 என மூன்று முறை மீண்டெழுந்தது. கம்யூனிச ஆட்சி முடிந்தபின் கிழக்கு ஐரோப்பாவில் உயிர்பெற்ற சாரணர் அமைப்புகளுள் குறிப்பிடத்தக்கது.

தோற்றம்

பிராக் நகரின் ஜிஷ்கோவ் பகுதியில் ஆசிரியராக இருந்த அன்டோனின் பெஞ்சமின் ஸ்வோய்சிக் 1911இல் இங்கிலாந்து சென்று, சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவலின் இயக்கத்தை நேரில் கண்டார். மறு ஆண்டே தம் மாணவர்களை லிப்னிட்சே கோட்டைக்கு அருகில் முதல் முகாமுக்கு அழைத்துச் சென்றார். செக் சாரணியத்துக்கான அடிப்படை நூலையும் வெளியிட்டார். அமைப்பின் இலச்சினையில் சாரணர்களின் அல்லி மலரோடு, போகிமிய எல்லையைக் காத்த ஹோட் மக்களின் நாய்த்தலைச் சின்னமும் இணைக்கப்பட்டது. ஓவியர் மிகோலாஷ் ஆலெஷ் வரைந்த அந்த நாய்த்தலை இன்றும் அதில் உள்ளது.

தடைகள்

ஸ்வோய்சிக் 1938இல் காலமானார். நாட்டை ஆக்கிரமித்த நாஜிகள் 1940இல் அமைப்பைக் கலைத்தனர். சாரணர் பலர் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தனர். 1945 மே மாதப் பிராக் எழுச்சியில் தூதுவர்களாகவும் பணியாற்றினர். போர் முடிந்ததும் யூனாக் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியபின் அமைப்பு ஒரே இளைஞர் சங்கத்துக்குள் அடக்கப்பட்டது. 1950 இறுதியோடு முற்றிலும் மறைந்தது. சிறுவர்களுக்கென 1949இல் பயனியர் அமைப்பு உருவாக்கப்பட்டது. கட்சிக்குக் கட்டுப்படாத இளைஞர் இயக்கத்தை அரசு சகித்துக்கொள்ளவில்லை. சாரணத் தலைவர்கள் பலர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். 1949இல் ஆட்சிக்கு எதிரான எழுச்சி முயற்சியில் கைதான சாரணியர் தலைவி டாக்மர் ஸ்காலோவாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1965இல்தான் அவர் விடுதலையானார்.

1968ஆம் ஆண்டு பிராக் வசந்தச் சீர்திருத்தக் காலத்தில் பழைய தலைவர்கள் ஒன்றுகூடி அமைப்பைப் புதுப்பித்தனர். அந்த ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்து சீர்திருத்தங்களை முடக்கின. 1970இல் யூனாக் மூன்றாம் முறையாக ஒழிக்கப்பட்டது.

தலைமறைவு ஆண்டுகள்

பெயரும் சீருடையும் பறிக்கப்பட்டாலும் குழுக்கள் பல கலையவில்லை. சில நடைபயணச் சங்கங்களாகவும், சில விளையாட்டுக் கழகங்களின் சிறுவர் பிரிவுகளாகவும், சில பயனியர் கிளைகளாகவும் பதிந்துகொண்டு சாரண முறையிலேயே இயங்கின. இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான டிஸ் பல குழுக்களுக்கு அடைக்கலம் தந்தது; அரசின் நெருக்கடியால் 1979இல் அதுவும் கலைக்கப்பட்டது. எழுத்தாளர் யாரோஸ்லாவ் ஃபோக்லர் தம் பிராக் சிறுவர் குழுவை வெவ்வேறு அமைப்புகளின் நிழலில் பல பத்தாண்டுகள் நடத்திவந்தார். ஆட்சியாளர்கள் அச்சிட மறுத்த அவருடைய சிறுவர் கதைகளின் பழைய பிரதிகள் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன.

மறுமலர்ச்சி

1989 நவம்பரில் கம்யூனிச ஆட்சியை வீழ்த்திய வெல்வெட் புரட்சி வெடித்தது. டிசம்பர் தொடக்கத்திலேயே பிராகில் கூடிய சாரணர்கள் அமைப்பைப் புதுப்பித்தனர். இத்தனை விரைவாக அது எழக் காரணம், இருபது ஆண்டுகளும் காட்டிலும் ஆற்றங்கரையிலும் முகாமிட்டுப் பழகிய தலைவர்கள் ஆயத்தமாக இருந்ததே. இடைவெளியின் விலையும் தெரிந்தது: 1945, 1968 காலத்து மூத்தோருக்கும் புதிய இளைஞருக்கும் இடையே வளர்ந்திருக்க வேண்டிய நடுத்தலைமுறை மெலிந்திருந்தது; மரபைக் காப்பதா, காலத்துக்கேற்ப மாறுவதா என்ற விவாதமும் எழுந்தது. 1993இல் செக்கோஸ்லோவாக்கியா பிரிந்தபின் செக்கிலும் ஸ்லோவாக்கியாவிலும் சாரணியம் தனித்தனியே வளர்ந்தது. 1922இல் உலகச் சாரணர் அமைப்பின் நிறுவன உறுப்பினருள் ஒன்றாக இருந்த செக் சாரணியம் 1996இல் அதில் மீண்டும் இடம்பெற்றது.

இன்றைய நிலை

அமைப்பு 2014 முதல் ‘யூனாக் – செக் சாரணர்’ என்ற பெயரில் இயங்குகிறது. சிறுவரும் சிறுமியரும் ஒரே அமைப்பின்கீழ்ப் பயில்கின்றனர். பலகை அடித்தளத்தின்மேல் துணி போர்த்திய கூடாரங்களில் நடக்கும் கோடை முகாமே அவர்களின் ஆண்டின் உச்சம். குழுக்களை நடத்துவோர் பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் இளைஞர்கள். 2020களில் உறுப்பினர் எண்ணிக்கை 70,000ஐக் கடந்தது. நாட்டின் மிகப் பெரிய சிறுவர், இளைஞர் அமைப்பு இதுவே.