இருபது ஆண்டுக்கு முந்தைய காடு

ஒட்டன்சத்திரத்திலிருந்து தெற்கே, வடகாடு, பாச்சலூர் வழியாக ஏறும் சாலை கீழ்ப்பழனி மலையின் காப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கே.சி.பட்டி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று விரியும் இந்தப் பகுதியில் காப்பி பெரும்பாலும் தனிப்பயிராக நிற்பதில்லை. உயர்ந்த மரங்களின் நிழலில் காப்பிச் செடி, அதே மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி, இடையிடையே மலைவாழை, ஒரு காலத்தில் கமலா ஆரஞ்சும். இந்தக் கலப்புத் தோட்டத்தின் கதையை அறிந்தவர்கள், உலகச் சந்தையில் இன்று வலுத்துவரும் ஒரு வழக்கத்தை அக்கறையோடு கவனிக்க வேண்டும். ஒரு பொருள் விளைவது முதல் குப்பையாவது வரை சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு சுமை ஏற்றுகிறது என்பதை எண்களில் அறிவிக்கும் வழக்கம் அது. இந்த அறிவிப்புகளுக்கு எல்லா நாடுகளிலும் ஒரே விதி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அந்த விதி நிலத்தின் வரலாற்றை எங்கே வெட்டுகிறது என்பதைப் பொறுத்தே அது நியாயமா இல்லையா என்பது முடிவாகும்.

ஒரே விதி ஏன் வேண்டும் என்பதற்குப் பழனி மலைத் தோட்டத்தைவிட நல்ல சான்று கிடைக்காது. வாழ்நாள் கணக்கீட்டுக்கான ஐஎஸ்ஓ 14040 தரநிலை 1997-இல் வந்தது. அறிவிப்புகளுக்கான ஐஎஸ்ஓ 14025-ம், கணக்கிடும் முறைக்கான ஐஎஸ்ஓ 14044-ம் 2006-இல் வந்தன. ஒரே நிலத்தில் பல பொருள்கள் விளைந்தால் சுமையை எப்படிப் பங்கிடுவது? முடிந்தவரை பங்கிடாமல் தவிர்க்கவேண்டும், முடியாதபோது எடை போன்ற இயற்பியல் தொடர்பைப் பார்க்கவேண்டும், அதுவும் பொருந்தாவிட்டால் விலையைப் பார்க்கலாம் என்கிறது 14044. படிக்கும்போது தெளிவாகத் தெரியும் இந்த வரிசை தோட்டத்துக்குள் வந்ததும் குழம்பிவிடுகிறது. ஒரு தோட்டத்து விளைச்சலில் எடைப்படி வாழை 80 பங்கு, காப்பி 20 பங்கு என்றும், வருமானத்தில் காப்பி 70, வாழை 30 என்றும் வைத்துக்கொள்வோம். உரத்துக்கும் டீசலுக்கும் ஆன சுமையை எடைப்படி பிரித்தால் காப்பியின் தலையில் ஐந்தில் ஒரு பங்குதான் விழும். வருமானப்படி பிரித்தால் பத்தில் ஏழு பங்கு விழும். மண்ணும் கொட்டையும் மாறவில்லை. சுமை மட்டும் மூன்றரை மடங்காகிவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு பொருள் வகைக்கும் தனிக் கணக்கு விதிகள் எழுதப்பட்டன. அவற்றைப் பல நாடுகளும் பல அமைப்புகளும் தனித்தனியே எழுதியதால், ஒன்றின் அறிவிப்பை இன்னொன்றோடு ஒப்பிட முடியாமல் போனது. வீசையும் மணங்கும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்ட காலத்தில், தராசு யார் கையில் இருந்ததோ அவருக்கே ஆதாயம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவுகள் வந்து அந்த நிலை மாறியது. விளைவிப்பவருக்குப் பொது அளவு எதிரியல்ல.

சிக்கல் அடுத்த படியில், அந்தப் பொது அளவு எதை எண்ணுகிறது என்பதில்தான் தொடங்குகிறது. ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இடையில் உள்ள விருப்பாச்சியின் பெயரைத் தாங்கிய மலைவாழை, பழனி பஞ்சாமிர்தத்துக்கு உகந்தது. நீர்ச்சத்து குறைவான பழம் என்பதால், தண்ணீர் சேர்க்காமல் பிசையும் பஞ்சாமிர்தம் கெடாமல் இருக்கும். இந்த வாழை கீழ்ப்பழனித் தோட்டங்களில் காப்பிக்குத் துணையாக நின்றது. பிறகு அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோயான முடிக்கொத்து நோய் வந்து பெரும்பரப்பில் அதை அழித்தது. நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு அதை மீட்கும் முயற்சி இன்னும் நடக்கிறது. விருப்பாச்சி மலைவாழை புவிசார் குறியீடும் பெற்றது. நோயால் வாழை அழிந்த நிகழ்வை அறிவிப்பின் கண்ணால் பார்ப்போம். வாழை போனதும் தோட்டத்தின் பொதுச் சுமை முழுவதும் மிச்சமிருக்கும் விளைச்சலின் தலையில், அதாவது பெரிதும் காப்பியின் தலையில் ஏறும். காப்பி விவசாயி எந்தத் தவறும் செய்யவில்லை. ஒரு வைரஸ் செய்த நாசம் அவருடைய பொருளின் குறையாகப் பதிவாகிறது. இதற்கு மாறாக, நிழலைக் குறைத்து, உரத்தைக் கூட்டி, விளைச்சலைப் பெருக்கினால் ஒரு கிலோவுக்கான எண் அழகாகத் தெரியவும் வாய்ப்புண்டு. கிலோவை மட்டும் அளவாகக் கொள்ளும் விதி, மரங்களைக் காத்தவரைத் தண்டிக்கும் ஆபத்து இங்கே இருக்கிறது.

மரம் வெட்டினால் அதுவும் கணக்கில் சேருமே என்று கேட்கலாம். சேரும், ஆனால் பரவலாக வழங்கும் முறைகளில் 20 ஆண்டுகளுக்கு மட்டுமே. காடு தோட்டமான நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அந்தச் சுமை பங்கிடப்படுகிறது, அதன்பின் அது கணக்கிலிருந்து மறைகிறது. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்களின் காப்பிக்காகத் தென்னிந்திய மலைகளில் அழிந்த காடு இன்று எந்த அறிவிப்பிலும் இல்லை; ஐந்து ஆண்டுக்கு முன் அரை ஏக்கரைத் திருத்திய சிறு விவசாயி அதில் இருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டமும் 2020 டிசம்பர் 31-ஐ எல்லைக் கோடாக வைத்திருக்கிறது. அந்த நாளுக்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த காப்பிக்கு அங்கே இடமில்லை என்பது அதன் விதி. இந்தியக் காப்பியில் பெரும்பகுதி வெளிநாட்டுக்கே போகிறது, இத்தாலிதான் முதன்மை வாங்குநர். ஆகவே, இந்தக் கோடுகள் தாண்டிக்குடிக்குத் தொலைவில் இல்லை.

எங்கேயாவது கோடு போட்டுத்தானே ஆகவேண்டும், 150 ஆண்டுகளைத் தோண்டினால் எந்தக் கணக்கு முடியும் என்பது வலுவான மறுப்பு, அதை ஏற்கிறேன். ஆவணம் இல்லாத காலத்துக்கு எண் கற்பிப்பது நேர்மையாகாது. ஆனால், பழைய அழிவை மன்னிக்கும் கோட்டுக்கு இப்பால், அந்த நிலத்தில் தலைமுறையாகக் காக்கப்பட்ட நிழல் மரங்களுக்கும் ஓர் இடம் வேண்டும். அழித்ததை மறக்கவும், வளர்த்ததையும் சேர்த்தே மறக்கவும் ஒரே விதி அனுமதிப்பது சமநிலை ஆகாது. உயிரின வளத்தை எண்ணாக்குவது கடினம் என்று நிபுணர்கள் சொல்வதும் உண்மையே. ஆனால், ஏக்கருக்கு எத்தனை மரம், எத்தனை வகை, எத்தனை விதப் பயிர் என்று எண்ணுவது கடினமல்ல. இன்னொரு மறுப்பு, சில ஏக்கர் வைத்திருப்பவர் சான்றுக்கான செலவைத் தாங்க மாட்டார் என்பது. தனித்தனியே தாங்க மாட்டார்தான். பல உற்பத்தியாளர்களின் சராசரியை ஒரே அறிவிப்பாக வெளியிடத் தரநிலைகள் இடம் தருகின்றன. காப்பி வாரியம் 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது, தாண்டிக்குடியிலேயே அதன் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கீழ்ப்பழனிக்கான சராசரியை, ஓர் ஆண்டு விளைச்சலை வைத்து அல்லாமல் பத்தாண்டு விளைச்சலை வைத்து, கிலோவோடு ஏக்கரையும் அளவாகக் கொண்டு தயாரிக்கும் வேலையை வாரியமே தொடங்கலாம். அடுத்த முறை பச்சைக் காப்பிக் கொட்டைக்கான சர்வதேச விதி திருத்தப்படும்போது மேசையில் வைக்க அந்தக் கணக்கு தயாராக இருக்கவேண்டும்.