இடியன் துவக்கும் குறிதவறலும்: மட்டக்களப்பு வேட்டை வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

இலங்கைத் தமிழில் குழல்வாய் வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் துவக்கு 'இடியன்' எனப்படும். ஆயுதம் ஒன்று அதனை இயக்கும் உழைப்பினாற் பெயர்பெற்றதாக இதனை நாம் கொள்ளலாம். தோட்டாக்கள் தொழிற்சாலையில் ஒரேயளவாக ஆக்கப்படுவதற்கு முன்னர், ஒவ்வொரு வெடியும் சுடுபவனின் கையாலேயே உருவாயிற்று. எனவே குறி தவறுதலைத் தனிமனிதத் திறமையின் குறையாக மட்டும் நோக்குதல் பொருந்தாது.

குறி தவறுவதற்கான காரணங்கள் பௌதிகத் தன்மையன. மருந்தின் அளவும், பொடியின் பருமனும், இடிக்கும் விசையும் வெடிக்கு வெடி வேறுபட, குண்டின் வேகமும் வேறுபடும். வெடியுப்பிற் கறியுப்புக் கலந்திருப்பின் மருந்து ஈரத்தை உறிஞ்சும். வாவிக்கரையின் உப்புக்காற்றில் இக்குறை மேலும் பெரிதாகும். கரிப்படிவு குழலை நெருக்குவதால் குண்டைச் சற்றுச் சிறிதாகவே வார்க்க வேண்டும். சிறிய குண்டோ குழலின் சுவரில் மோதி, ஒழுங்கற்ற சுழற்சி பெற்று விலகும். இவ்விலகலின் காரணத்தை 1740களில் ஆங்கிலக் கணிதவியலாளர் பெஞ்சமின் றொபின்ஸ் பரிசோதனைகள் வாயிலாக விளக்கினார்.

இவ்விளக்கத்தின் பயன் எவர் கைக்கு எட்டியது என்பதே வரலாற்று வினாவாகும். இலங்கையில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கருக்கு 1840இல் பிரிஸ்ரல் நகரின் கிப்ஸ் என்பார் செய்தளித்த றைபிள் 21 இறாத்தல் நிறையுடையது. 3 அவுன்சுக் குண்டினை ஓர் அவுன்சு மருந்தாற் செலுத்தியது. குழலினுள்ளே சுழன்று செல்லும் ஆழமான இரு சால்களுள் குண்டின் பட்டி பொருந்தியமையால், இத்துணை மருந்திட்டும் குண்டு தடம் வழுவவில்லை. பேக்கரின் துல்லியத்துக்குப் பின்னால் ஆங்கிலக் கைத்தொழில் முழுவதும் நின்றது எனலாம். வேட்டைக் குறிப்புகளிலோ அது கனவானின் வீரமாகவே தோற்றமளிக்கின்றது.

அக்காலத்து அரசு, பயிரழிவைக் காரணங்காட்டி யானைக் கொலைக்குப் பரிசு வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டமையை எமர்சன் தெனன்ற் பதிவுசெய்துள்ளார். அதே அரசே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால், உரிமை நிறுவப்படாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியன எனக் கொண்டது. சேனைக் காவலனுக்குத் துவக்கின் ஓசையே பெரும்பாலும் போதுமானது; துல்லியம் தேவைப்பட்டது வேட்டை விநோதத்துக்கே. ஆயினும் குறி தவறிய குண்டுடன் காயமுற்றுத் திரியும் யானையை இரவில் எதிர்கொள்ள நேர்ந்தவன் காவலனே. பிழை ஒருவரிடத்தும் அதன் விலை மற்றொருவரிடத்தும் சேர்ந்த முரண்பாடு இங்கு மனங்கொளத்தக்கது.

இப்பின்னணியில் ஏறாவூர் முஸ்லிம்களின் யானைப் பணிக்கர் மரபு தனிக்கவனத்துக்குரியது. தோல்வார்க் கயிற்றுடன் யானையின் பின்காலை நெருங்கும் பணிக்கனுக்குத் தூரத்துக் குறி ஒரு பிரச்சினையன்று. தடமறிதலும் விலங்கின் இயல்பறிதலும், தலைமுறைகளாய்க் கைமாறிய கூட்டு அனுபவமுமே அவனது கருவிகள். துவக்கிலுள்ள உழைப்பு தொழிற்சாலைக்குள் மறைந்திருக்க, பணிக்கனின் உழைப்பு அவனுடலிலேயே வெளிப்பட்டு நின்றது.

துல்லியம் என்பது அடிப்படையில் ஒருசீர்மையே. அவ்வொருசீர்மையை இயந்திரத் தொழில் சிலருக்கு வழங்கியது. ஏனையோர் அதனைத் தம் கையாலும் கண்ணாலும் ஈடுசெய்ய வேண்டியவராயினர். வேட்டை இலக்கியத்தை வாசிக்கும் நாம், வீழ்ந்த யானைகளை எண்ணுவதோடு அமையாது, ஒவ்வொரு வெடிக்கும் பின்னாலுள்ள உழைப்பு எவருடையது என்றும் வினவுதல் வேண்டும்.