மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்

வணிகச் செல்வத்தைத் துறந்து பாடிய பட்டினத்தார் அடங்கிய ஊர் திருவொற்றியூர். இராமலிங்க அடிகள் ‘வடிவுடை மாணிக்க மாலை’ சூட்டியதும் இவ்வூர் அம்மைக்கே. அத்திருத்தலமே பிற்காலத்தில் ஆலைகளின் ஊராகவும் ஆயிற்று. பாட்டும் பிழைப்பும் ஒரே தெருவில் நடமாடும் இம்மண்ணில் பத்தாண்டுகளாகக் கவிதை வளர்த்துவரும் நம் வட்டத்தினர் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா ஒன்று உண்டு. எழுத்து சோறு போடுமா என்பதே அது. இணையத்தில் எழுதினால் இல்லத்திலிருந்தபடியே மாதந்தோறும் பல்லாயிரம் ஈட்டலாம் என்னும் விளம்பரங்கள் இளங்கவிஞர்களின் கைப்பேசிகளில் வந்து விழும் இக்காலத்தில், அவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை நோக்குதல் தகும்.

புரவலரும் கையொப்பமும்

முன்னாளில் புலவனைப் புரவலன் காத்தான். அச்சுப்பொறி வந்தபின் கையொப்ப முறை தோன்றிற்று. நூல் வெளிவருமுன்பே அதனை வாங்க விரும்புவோர் கையொப்பமிட்டுப் பொருள் தந்து உதவுவர். 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவருக்குத் துணைநின்றது இம்முறையே. புரவலனாயினும் கையொப்பக்காரராயினும், பொருள் தருவோர் யார் என்பதை எழுதுவோர் அறிந்திருந்தனர். முகமறியாத பல்லாயிரவர் வாங்குவர், அதனால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கை அதன்பின் வந்தது.

கடையத்திலிருந்து ஓர் அறிக்கை

அந்நம்பிக்கையின் மிகப் பெரிய வடிவத்தை நமக்குக் காட்டுபவர் மகாகவி பாரதியாரே. புதுவையிலிருந்து மீண்டு, துணைவியார் செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் தங்கியிருந்த 1920-ஆம் ஆண்டில், தம் படைப்புகளை 40 நூல்களாக வெளியிட அவர் திட்டமிட்டார். நூலொன்றுக்கு 10,000 படிகள். ஆக 4 லட்சம் படிகள். அதற்குரிய முதலை நண்பர்களிடம் கடனாகப் பெற்று வட்டியோடு திருப்பித் தருவதாக அறிக்கை விடுத்தார். தம் நூல்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் விலைபோகும் என்பது அவர் கணக்கு.

இவ்விரு பண்டங்களும் நம் கரைக்கு அயலானவை அல்ல. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கியபோது தீப்பற்றி எரிந்தவை பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளே. பாரதியாரின் அறிக்கைக்கு மூன்றாண்டுகள் கழித்து, 1923-இல், ஸ்வீடன் நாட்டு முதலீட்டில் விம்கோ தீப்பெட்டி நிறுவனம் தோன்றிற்று. அதன் ஆலை அமைந்த நம் பகுதி விம்கோ நகர் எனப் பெயர் பெற்றது. 2021-இல் மெட்ரோ இரயில் வந்து சேர்ந்ததும் அப்பெயர் கொண்ட நிலையத்திற்கே.

எண்ணெயும் தீக்குச்சியும் விற்றதற்குக் காரணம் வெளிப்படை. அவை நாள்தோறும் தீர்ந்துபோவன; மீண்டும் வாங்கியே ஆகவேண்டியவை. எழுத்தறியாதவனுக்கும் அவை தேவை. அவற்றின் பின்னே கப்பலும், கிடங்கும், ஊர்தோறும் முகவரும், பெருமுதலும் இருந்தன. நூலோ ஒருமுறை வாங்கினால் தலைமுறைக்கும் இருப்பது. அன்றைய சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. கவிஞரின் பாட்டில் குறையில்லை. அவருடைய கணக்கில்தான் குறை இருந்தது.

முதல் திரளவில்லை. 1920-ஆம் ஆண்டின் இறுதியில் பாரதியார் சென்னைக்கு வந்து ‘சுதேசமித்திர’னில் மீண்டும் சம்பளப் பணியேற்றார். 1921 செப்டம்பரில், 39 வயது நிறையுமுன்பே மறைந்தார். அடுத்த ஆண்டு செல்லம்மாள் ‘சுதேச கீதங்க’ளைத் தாமே வெளியிட முற்பட்டார். பின்னர் உரிமைகள் கைமாறின. 1949-இல் சென்னை அரசு அவற்றைத் தன்வயமாக்கி, செல்லம்மாளுக்கும் இரு புதல்வியருக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் வழங்கிற்று. கவிஞர் கனவுகண்ட லட்சக்கணக்கான படிகள் அதன்பின் விற்கவே செய்தன. ஆனால் அவ்விற்பனையால் அவர் அடுப்பு எரியவில்லை.

இன்றைய வாக்குறுதி

பாரதியார் பிறருக்கு வட்டி தருவதாக வாக்களித்தார். சுமையைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார். இன்று வாக்குறுதியே கவிஞனுக்கு விற்கப்படுகிறது. பயிற்சிக் கட்டணம், முன்பணம், பதிவுத் தொகை எனப் பல பெயர்களில் எழுதுவோனிடமிருந்தே பணம் பெறப்படுகிறது. எழுத்தால் பணம் ஈட்டும் வழியைக் கற்பிப்போரில் பலர், அவ்வாறு கற்பித்தே ஈட்டுவோர் என்பது நோக்கத்தக்கது.

வாய்ப்பு பொய்யன்று. அச்சகச் செலவின்றித் தமிழ் நூலை மின்னூலாக உலகெங்கும் பரப்ப இயலுவது மெய்யான பேறு. வருவாய்க் கணக்கே பொய்க்கிறது. கூகுளின் விளம்பரத் திட்டம் 2018-இல் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்றது. எனினும் 100 டாலர் சேர்ந்தால்தான் அது பணம் அனுப்பும். நூறு இருநூறு பேர் படிக்கும் கவிதைப் பக்கம் அத்தொகையை எட்டுவது எந்நாள்? உலகச் சந்தையுடைய ஆங்கிலத்தின் நிலையும் பெரிதன்று. பிரிட்டனில் எழுத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டோரின் இடைநிலை ஆண்டு வருவாய், 2006-இல் 12,330 பவுண்டு. 2022-இல் வெளியான ஆய்வின்படி 7,000 பவுண்டு.

எழுத்துக்கு ஊதியம் கேட்பது இழிவன்று. கவிஞன் பட்டினி கிடப்பது பெருமையும் அன்று. ஆலையிலும் அலுவலகத்திலும் பணியாற்றிக்கொண்டே பாடுவோர் நம்மிடையே உளர். அப்பணியை விட்டுவிட்டு இணைய வருவாயை நம்பி இறங்க எண்ணும் இளைஞர்க்கு இவ்வரலாற்றை எடுத்துரைப்பது மூத்தோர் கடன். எழுதுவதற்குப் பணம் கட்டச் சொல்பவரிடம் எச்சரிக்கை வேண்டும் என்று சொல்வோம். அத்தோடு அமையாது, ஒருவர் நூலை மற்றவர் விலைகொடுத்து வாங்குவோம். அரங்கிற்கு அழைக்கும் கவிஞர்க்கு வழிச்செலவேனும் தருவோம். கையொப்பக்காரர் சிலர் சேர்ந்து காப்பியத்தை அச்சேற்றிய மரபு நம்முடையது. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம் அம்மரபைக் கைக்கொள்ளுமாக.