மீன் தொட்டி விளக்கின் வரலாறு: சன்னல் வெயிலிலிருந்து எல்.இ.டி. பல்பு வரை

வீட்டு மீன் தொட்டியில் விளக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, மீன்களை நமக்குக் காட்டுவது. மற்றொன்று, நீருக்குள் இருக்கும் செடிகளின் ஒளிச்சேர்க்கைக்கு உதவுவது. முதல் வேலைக்கு எந்த விளக்கும் போதும். இரண்டாவது வேலையைச் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் செலவில் செய்யும் விளக்கு வந்துசேர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

சன்னலோரத் தொட்டிகள்

இலண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன், கண்ணாடிக் கலம் ஒன்றில் பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் சேர்த்து வளர்த்தார். செடி வெளியிட்ட ஆக்சிசன் மீன்களுக்குப் பயன்பட்டது. ஆனால் அழுகிய இலைகளாலும் பாசியாலும் நீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்டதும் அவை அக்கழிவைத் தின்று நீரைத் தெளிய வைத்தன. இந்தச் சமநிலையை அவர் 1850-இல் வேதியியல் கழகத்தில் விளக்கினார். 1853-இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வெளிவந்தபின் மீன் தொட்டி வைப்பது இங்கிலாந்தில் பெரும் மோகமாகப் பரவியது.

அன்றைய தொட்டிகளுக்குச் சூரியனே விளக்கு. வெயில் மிகுந்தால் நீர் சூடேறிப் பச்சையாகும். குளிர்காலத்தில் ஒளி குறைந்து செடி வாடும். ஒளியின் அளவு வளர்ப்பவரின் கையில் இல்லை.

குண்டு பல்பும் குழல்விளக்கும்

1879-இல் எடிசன் செய்துகாட்டிய இழை விளக்கு, பின்னாளில் தொட்டியின் மூடிக்குள்ளும் இடம்பெற்றது. இதில் மின்னாற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. சிறிய தொட்டியின் நீரையும் அது சூடாக்கும். 1938-இல் விற்பனைக்கு வந்த குழல்விளக்கு குறைந்த வெப்பத்தில் மிகுந்த ஒளி தந்தது. ஆனால் அதற்குச் சோக்கும் ஸ்டார்ட்டரும் தேவை. நாளடைவில் அதன் ஒளியும் மங்கும்.

நீல ஒளி செய்த மாற்றம்

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை 1962-இல் நிக் ஹோலன்யாக் உருவாக்கினார். பிரகாசமான நீல எல்.இ.டி. கிடைக்காததால் வெள்ளை ஒளி நெடுநாள் எட்டாக்கனியாக இருந்தது. அக்குறையை நீக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகியோர் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

இன்றைய வெள்ளை எல்.இ.டி. பல்பின் உள்ளே இருப்பது நீலச் சில்லுதான். அதன்மேல் பூசிய பாஸ்பர், நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து வெண்மையாகத் தெரிகின்றன. இலையிலுள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் நன்கு உறிஞ்சும். எனவே அறைக்கென்று செய்த பல்பு, யாரும் திட்டமிடாமலேயே நீர்ச்செடிக்கும் உதவியது.

விலை இறங்கியது

இந்தியாவில் 2015 சனவரியில் தொடங்கிய அரசுத் திட்டம் (பின்னர் உஜாலா) பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014-இல் சுமார் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016-இல் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. மின்செலவும் குறைந்தது. நாள்தோறும் 8 மணி நேரம் எரிந்தால், 60 வாட் குண்டு பல்புக்கு 30 நாளில் 14.4 யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி.க்கு 2.16 யூனிட் போதும்.

பயனும் எல்லையும்

சிறிய நன்னீர்த் தொட்டிக்கு 6500 கெல்வின் என்று அட்டையில் அச்சிட்ட வெண்ணிற பல்பு ஏற்றது. ஜாவா பெரணி, அனுபியாஸ் போன்ற குறைந்த ஒளிச் செடிகள் இதில் வளரும். ஆழமான தொட்டிக்கும் பவளங்களுக்கும் இது போதாது. வீட்டுப் பல்பு நீர் புகாதபடி செய்யப்பட்டதன்று. ஆகவே தொட்டிமேல் கண்ணாடி மூடி வேண்டும். ஒயரில் வழியும் நீர் பிளக்கை அடையாதவாறு, ஒயரைப் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலேற்ற வேண்டும். தொட்டிக்குள் கைவிடும் முன் மின்சாரத்தை நிறுத்துவது கட்டாயம்.

செலவு குறைவு என்பதால் பகலிரவாக எரியவிட்டால், பழைய சன்னலோரத் தொட்டியைப் போலவே பாசி படரும். புதிய தொட்டிக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரத்தில் தொடங்கி, செடி வளர்வதைப் பார்த்து 8 மணி வரை கூட்டலாம். வாரிங்டனுக்குக் கிடைக்காத இந்தக் கட்டுப்பாடு இன்று ஒரு சுவிட்சில் இருக்கிறது.