முற்றிய பரங்கியைத் தேடி

அக்டோபர் மாதம் பிறந்தால் அமெரிக்காவில் பல குடும்பங்கள் விடுமுறை நாளில் பரங்கித் தோட்டத்துக்குக் கிளம்பிவிடும். 31-ஆம் தேதி வரும் ஹாலோவீனுக்குக் காய் வேண்டும். கடையில் கிடைக்காமல் இல்லை. ஆனாலும் கொடிகளுக்கு நடுவே நடந்து, நாலைந்தைத் தட்டிப் பார்த்து, ஒன்றைத் தூக்கி வருவதில்தான் அவர்களுக்குத் திருப்தி.

முற்றிய காயைக் கண்டுபிடிப்பது எளிது. நிறம் ஒரே சீராக ஏறியிருக்க வேண்டும். விரல் நகத்தால் அழுத்தினால் தோலில் பள்ளம் விழக்கூடாது. காம்பு காய்ந்து கெட்டியாக இருக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அது ஒடிந்தால் அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும்.

இந்தச் சோதனைகளுக்குப் பின்னால் இருப்பது குளிர்காலப் பசி. பரங்கி மிகப் பழைய பயிர். மெக்சிகோவின் குயிலா நக்கிட்ஸ் குகையில் கிடைத்த விதைகள் சுமார் 10,000 ஆண்டுப் பழமையானவை என்று 1997-இல் புரூஸ் ஸ்மித் என்ற ஆய்வாளர் அறிவித்தார். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் மக்காச்சோளம், பீன்ஸ் இரண்டோடும் சேர்த்து இதைப் பயிரிட்டார்கள். சதையைக் கீற்றுகளாக அரிந்து உலர்த்தி வைத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஐரோப்பியர்கள் அவர்களிடமிருந்தே இதைக் கற்றுக்கொண்டார்கள். முற்றிய காய் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் இரண்டு மூன்று மாதம் தாங்கும். பிஞ்சாகப் பறித்தது சீக்கிரம் அழுகிவிடும். அன்றைக்குத் தவறான காயைத் தேர்ந்தெடுத்தால் நஷ்டம் சாப்பாட்டுக்குத்தான்.

பிறகு காயின் வேலை மாறியது. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து அமெரிக்கா வந்தவர்களுக்குக் குடைய வசதியாகப் பரங்கி கிடைத்தது. 1960-களில் மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹௌடன் நல்ல நிறமும் தடித்த காம்பும் கொண்ட ஒரு ரகத்தை உருவாக்கினார். அது விளக்குக்கென்றே புகழ்பெற்றது. டப்பாவில் வரும் பரங்கி விழுதுக்கோ, தோல் வெளிறிய வேறு ரகம். அது பெரும்பாலும் இல்லினாய் மாநிலத்தில் விளைகிறது. ஆக, சாப்பிடும் பரங்கியும் பார்க்கும் பரங்கியும் பிரிந்துவிட்டன.

விவசாயிக்கு இதில் ஒரு லாபக் கணக்கும் உண்டு. வாடிக்கையாளரே வந்து எடுத்துக்கொள்வதால் ஏற்றுக்கூலி, லாரி வாடகை, இடைத்தரகு மிச்சம். டிராக்டர் வண்டிச் சவாரிக்குத் தனிக் கட்டணமும் வாங்கலாம். சுமக்கும் வேலையைச் செய்பவரே அதற்குப் பணமும் கொடுக்கும் விசித்திரமான வியாபாரம் இது! ஆனால் இந்த வருமானம் சில வாரங்களுக்குத்தான். நவம்பர் பிறந்ததும் தோட்டத்தில் மிஞ்சிய காய்களைத் தேடி யாரும் வருவதில்லை.

குடைந்த பரங்கி ஒரு வாரம் தாங்கினால் அதிகம். பெரும்பாலானவை குப்பைக்குத்தான் போகின்றன. மூன்று மாதம் கெடாமல் இருக்குமா என்று நகத்தால் அழுத்திப் பார்த்து வாங்கிய காய், வீட்டுக்கு வந்ததும் கத்தியால் குடையப்படுகிறது. பசி மறந்துபோனாலும், அது கற்றுக்கொடுத்த சோதனையை மட்டும் கைகள் இன்னும் மறக்கவில்லை.